கடைமடைக்குப் போய்ச் சேராத விதி

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நியூயார்க்கில் நடைபெற்ற அமெரிக்க ஓபன் டென்னிஸ் போட்டியின் நான்காம் சுற்றில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக விளங்கிய நோவாக் ஜோகோவிச் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தமது சர்வீஸைப் பறிகொடுத்த எரிச்சலில், அவர் ஒரு பந்தைப் பாராமல் பின்புறமாகத் தட்டிவிட்டார். அது கோட்டு நடுவராக நின்றிருந்த பெண்மணியின் தொண்டையில் பட்டது. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் நடுவர்கள் விதியைத் தளர்த்தவில்லை. அந்தப் போட்டியில் அவர் ஈட்டிய பரிசுத்தொகையும் தரவரிசைப் புள்ளிகளும் கைவிட்டுப் போயின.

மட்டையை உடைத்தால், தகாத சொல்லை உதிர்த்தால், கோபத்தில் பந்தை அரங்குக்கு வெளியே அடித்தால், முயற்சியின்றி ஆடித் தோற்றால் என இன்றைய தொழில்முறை டென்னிஸில் ஒவ்வொரு நடத்தைக் கேட்டுக்கும் ஒரு பெயரும் ஒரு தண்டனையும் உண்டு. முதலில் எச்சரிக்கை, அடுத்து புள்ளி இழப்பு, அதற்கும் மேலே ஆட்ட இழப்பு, எல்லை மீறினால் வெளியேற்றம். 1970களில் ருமேனியாவின் இலி நஸ்டாஸே போன்றோர் களத்தில் நடந்துகொண்ட விதமே இப்படியொரு படிநிலைத் தண்டனை முறையின் தேவையை உணர்த்தியது. 1990ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் ஜான் மெக்கன்ரோ பாதி ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டபோது, அந்த முறைக்குப் பல் இருக்கிறது என்பதை உலகம் கண்டது.

இந்த விதிகளைக் குறை கூற நான் வரவில்லை. அவை வேண்டும். ஆனால், ஒரு விளையாட்டில் ஒழுக்க மீறல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் இவர்கள் எவரும் அல்லர். நூறாண்டுகளுக்கு முன் டென்னிஸின் முடிசூடா மன்னராக விளங்கிய அமெரிக்க வீரர் பில் டில்டன். எந்த மீறலுக்காக அவரை அவருடைய விளையாட்டு தண்டித்தது, எதைக் கண்டும் காணாமல் விட்டது என்பதை அறிந்துகொண்டால், விதிகளைப் பற்றிய நம் எண்ணமே மாறிவிடும்.

அவருடைய கதைக்குள் செல்லும் முன், விதியை அளக்க நான் கையாளும் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் காவிரிப் படுகை எனக்குக் கற்றுத் தந்தது.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டும் என்பது குறுவைக்கான மரபு. திறந்த நீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. நீர் குறைவான ஆண்டுகளில் ஆறுகளுக்கு முறைவைத்து விடுவார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு என்று கணக்கு இருக்கும். தலைமடையில் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மதகு சொன்ன நாளில் திறக்கிறது. பதிவேட்டில் கன அடி எழுதப்படுகிறது. கரையில் அதிகாரிகள் நிற்கிறார்கள். ஆனால் விதி நடந்ததா, இல்லையா என்பதைத் தலைமடை சொல்லாது. வேதாரண்யத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் பேராவூரணியிலும் கடைசி வாய்க்காலின் கடைசி வயலில் நிற்கும் விவசாயி சொல்ல வேண்டும். அவன் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்தால் விதி நடந்தது. வராவிட்டால் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் விதி நடக்கவில்லை. கடைமடைக் கிராமம் ஒன்றில் வளர்ந்த எனக்கு எந்த ஊரின், எந்தத் துறையின் சட்டத்தைப் பற்றிப் படித்தாலும் இந்த ஒரு கேள்விதான் முதலில் தோன்றும்: இது கடைமடை வரை போயிற்றா?

வில்லியம் டேட்டம் டில்டன் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, தொண்டை அடைப்பான் நோய்க்கு அக்குடும்பத்தின் மூன்று குழந்தைகள் அடுத்தடுத்துப் பலியாகியிருந்தனர். அந்தத் துயரத்திலிருந்து மீளாத தாய், பின்னர் பிறந்த இந்த மகனைக் கண்ணிமைக்குள் வைத்து வளர்த்தார். 1911இல் தாய் இறந்தார். 1915இல் தந்தையும் அண்ணனும் சில மாத இடைவெளியில் மறைந்தனர். 22 வயதில் குடும்பமே இல்லாதவராக நின்ற அந்த இளைஞருக்கு டென்னிஸ் களமே வீடாயிற்று.

அவர் பிறவி மேதையென்று தொடக்கத்தில் எவரும் கருதவில்லை. 1918, 1919 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கப் பட்டப் போட்டியின் இறுதியாட்டம் வரை வந்து தோற்றார். தமது இடக்கைப்புற அடி பலவீனமானது என்பதை உணர்ந்து, 1919இன் குளிர்காலம் முழுவதையும் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் உள்ளரங்கில் கழித்து, அந்த ஓர் அடியை மட்டும் புதிதாக உருவாக்கினார். மறு ஆண்டு, 27ஆம் வயதில், விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் அவரே.

அதன் பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. 1920 முதல் 1925 வரை தொடர்ந்து ஆறு முறையும், பின்னர் 1929இலும் என ஏழு அமெரிக்கப் பட்டங்கள். 1920, 1921, 1930 என மூன்று விம்பிள்டன் பட்டங்கள். 1920 முதல் 1926 வரை டேவிஸ் கோப்பை அமெரிக்காவிடமே இருந்தது. இதற்கிடையே 1922இல் ஏற்பட்ட ஒரு சீழ்ப்புண்ணால் அவரது வலக்கை நடுவிரலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க நேர்ந்தது. மட்டையைப் பிடிக்கும் கையில் விரல் குறைந்த பின்னரும் அவர் வென்றுகொண்டே இருந்தார்.

அந்த ஆண்டுகளில் நம்மவர்களும் அந்தக் கோப்பையை நோக்கி அடியெடுத்து வைத்திருந்தனர். 1921இல் இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பையில் ஆடி, பிரான்ஸை வீழ்த்தி, பின்னர் ஜப்பானிடம் தோற்றது. அந்த ஜப்பான்தான் அவ்வாண்டு இறுதி வரை சென்று டில்டனின் அணியிடம் வீழ்ந்தது. 1922இல் சென்னையைச் சேர்ந்த கோட்டா ராமசாமி இந்திய அணிக்காக டேவிஸ் கோப்பையில் ஆடினார். 1936இல் அவரே இந்தியக் கிரிக்கெட் அணிக்காக டெஸ்ட் ஆட்டங்களிலும் களமிறங்கினார். டில்டனின் காலம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

டில்டனின் களநடத்தை விசித்திரமானது. கோட்டு நடுவரின் தீர்ப்பு தவறென்று அவர் கருதினால், இடுப்பில் கை வைத்து, அந்த நடுவரை நீண்ட நேரம் உற்றுப் பார்ப்பார். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அந்தப் பார்வையின் வெப்பத்தைத் தாங்க முடியாமல் கோட்டு நடுவர்கள் கூனிக்குறுகிப் போவார்கள். அதே வேளையில், தவறான தீர்ப்பால் தமக்கு ஒரு புள்ளி கிடைத்தால் அதை வைத்துக்கொள்ள மாட்டார். அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையிலோ வெளியிலோ அடித்து, எதிராளிக்குத் திருப்பித் தந்துவிடுவார். பார்வையாளர்கள் ஆரவாரம் செய்வார்கள். நேர்மைதான். ஆனால் அந்த நேர்மையும், தவறிய நடுவரை ஊரறியச் சுட்டிக்காட்டும் ஓர் அவமதிப்பாகவே இருந்தது. இத்தகைய செயல்கள் இன்றைய விதிப்புத்தகத்தின்படி எச்சரிக்கைக்கு உள்ளாகக்கூடும். அன்று அவை நாடகம் என ரசிக்கப்பட்டன. அவருக்கு மேடை நாடகத்தில் தீராத மோகம் வேறு இருந்தது. நடித்தும் நாடகங்களுக்குப் பணம் போட்டும் பெருஞ்செல்வத்தை இழந்தார்.

சரி, அமெரிக்க டென்னிஸ் சங்கம் அவர் மீது கை வைத்தது எதற்காக? பத்திரிகையில் எழுதியதற்காக.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய டென்னிஸின் அடிப்படை விதியை அறிய வேண்டும். விம்பிள்டன் போன்ற பெரும்போட்டிகளில் அமெச்சூர் வீரர்கள், அதாவது விளையாட்டால் பணம் ஈட்டாதவர்கள், மட்டுமே ஆடலாம். ஆடுபவனுக்குப் பயணச் செலவும் தங்கும் செலவும் கிடைக்கும், கூலி கிடையாது. ஆனால் அவன் ஆட்டத்தைக் காண வரும் கூட்டத்தின் நுழைவுக் கட்டணம் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் போகும். பணம் படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் இடர்ப்பாடு இல்லை. உழைத்துப் பிழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதி ஒரு மூடிய கதவு. தூய்மை என்ற பெயரில் அது காத்தது சங்கத்தின் அதிகாரத்தையும் வருவாயையும்தான். செலவுக்கணக்கு என்ற போர்வையில் சிறந்த வீரர்களுக்குப் பணம் தந்து, வெளியே அமெச்சூர் என்று சொல்லிக்கொள்ளும் இரட்டை வேடமும் நடந்தது.

டில்டன் பத்திரிகைகளில் டென்னிஸ் பற்றி எழுதி நல்ல வருவாய் ஈட்டினார். நூல்களும் எழுதினார், பந்தின் சுழற்சியைப் பற்றி அவர் 1925இல் வெளியிட்ட நூலைப் பயிற்சியாளர்கள் இன்றும் தேடிப் படிக்கின்றனர். வீரர் ஒருவர் காசு வாங்கி எழுதுவது அமெச்சூர் நெறிக்கு முரணானது என்ற பூசலைச் சங்கம் 1924இலேயே தொடங்கியது. பிறகு, தாம் ஆடும் போட்டியைப் பற்றி அதே சமயத்தில் எழுதக் கூடாது என ஒரு சமரசம் உருவானது.

1928இல் விம்பிள்டனில் ஆடியபடியே அது பற்றி அவர் பத்திரிகைக்கு எழுதியதாகக் கூறி, டேவிஸ் கோப்பை ஆட்டங்களுக்காக அவர் பாரிஸில் இருந்த வேளையில் சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. முந்தைய ஆண்டு கோப்பையைக் கைப்பற்றியிருந்த பிரான்ஸ், அதைத் தன் மண்ணில் காப்பதற்காக ரோலண்ட் கரோஸ் என்ற புதிய அரங்கையே கட்டி முடித்திருந்தது. டில்டன் இல்லாத அமெரிக்க அணியைக் காண யார் சீட்டு வாங்குவார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் கொதித்தனர். விவகாரம் தூதரகம் வரை சென்றது. பிரான்ஸில் இருந்த அமெரிக்கத் தூதர் மைரன் ஹெரிக் தலையிட்டார். நல்லுறவின் பெயரால் தடை தளர்ந்தது. டில்டன் களமிறங்கி, ரெனே லகோஸ்தை ஐந்து செட்களில் வென்றார். எனினும் கோப்பை பிரான்ஸிடமே நின்றது. ஊர் திரும்பியதும் மீண்டும் தடை வந்தது. அவ்வாண்டின் அமெரிக்கப் பட்டப் போட்டியில் அவர் ஆட அனுமதிக்கப்படவில்லை. 1929இல் தடை நீங்கியதும் வந்து, அந்தப் பட்டத்தை ஏழாவது முறையாக வென்றார்.

இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதி மீறப்பட்டது உண்மை, அது மீறல்தான். ஆனால் அதனால் எவருக்குக் கேடு? கட்டுரை எழுதியதால் எந்த எதிராளியும் தோற்கவில்லை. எந்தப் பார்வையாளரும் ஏமாறவில்லை. அந்த மீறலுக்கு விசாரணையும் தடையும் தலைப்புச் செய்திகளும் கிடைத்தன. வருமானம் வேண்டிய போது அந்தத் தடையே விலக்கவும் பட்டது. தலைமடைக்காரன் தன் வயல் நிறையும் வரை மதகைப் பூட்டுவான், தேவைப்பட்டால் திறப்பான். பூட்டும் திறப்பும் அவன் கையில் என்பது போன்றதே இது.

1930இல், 37 வயதில், மீண்டும் விம்பிள்டனை வென்றபின், அவ்வாண்டின் கடைசி நாளில் டில்டன் தம்மைத் தொழில்முறை வீரராக அறிவித்தார். அதன் பொருள், விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் இனி அவருக்கு இல்லை என்பதுதான். 1931 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் செக் வீரர் காரெல் கோஷெலுக்குடன் அவரது தொழில்முறைப் பயணம் தொடங்கியது. ஒரு நகரில் ஆடி, இரவோடிரவாக அடுத்த நகருக்குச் சென்று, தற்காலிகமாக விரித்த தளத்தில் மீண்டும் ஆடும் வாழ்க்கை. நம் ஊர்த் திருவிழாக்களில் இரவெல்லாம் ஆடிவிட்டு விடிந்ததும் அடுத்த ஊருக்கு வண்டி கட்டிய நாடகக் கம்பெனிகளை நினைத்துக்கொள்ளலாம். 40 வயதைக் கடந்தபின், தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரான எல்ஸ்வொர்த் வைன்ஸுடன் ஊர் ஊராக மோதினார். 1945இல், 52ஆம் வயதில்கூட அமெரிக்கத் தொழில்முறை இரட்டையர் பட்டத்தை வின்சென்ட் ரிச்சர்ட்ஸுடன் சேர்ந்து வென்றார்.

பிறகுதான் அந்த இருண்ட பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. 1946 நவம்பரில் டில்டன் கலிபோர்னியாவில் கைது செய்யப்பட்டார். சிறுவன் ஒருவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 1947இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையான பின், சிறார்களுடன் பழகக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1949இல் மீண்டும் அதே வகைக் குற்றத்துக்காகக் கைதாகி, இரண்டாம் முறை சிறை சென்றார்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அவரது பாலியல் நாட்டத்தை இங்கே நான் குற்றமாக எழுதவில்லை. வயதுவந்த இருவரின் விருப்ப உறவை அன்றைய அமெரிக்கச் சட்டம் குற்றமாகக் கருதியது. நம் நாட்டிலும் 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அந்த நிலையே இருந்தது. அத்தகைய சட்டங்கள் எத்தனையோ பேரை ஒளிந்து வாழச் செய்தன. டில்டனும் அந்த அச்சத்தில் வாழ்ந்தவரே. அதற்காக அவர் மீது இரக்கம் கொள்ளலாம். ஆனால் சிறுவர்கள் தொடர்பான குற்றத்துக்கு அந்த இரக்கம் விலக்கு ஆகாது. பயிற்சி தருபவருக்கும் பயிற்சி பெறும் சிறுவனுக்கும் இடையே வயது, புகழ், அதிகாரம் என அனைத்திலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. அங்கே விருப்பம் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

டில்டன் தம் வாழ்நாள் முழுவதும் இளம் சிறுவர்களைச் சீடர்களாகச் சேர்த்துக்கொண்டு பயிற்சி தந்தவர். டென்னிஸ் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக முணுமுணுப்பு இருந்தது என்பதை அவரது வாழ்க்கையை ஆராய்ந்து பிராங்க் டிஃபோர்ட் 1976இல் வெளியிட்ட நூலும் பதிவு செய்கிறது. கட்டுரைகளில் ஒவ்வொரு வரியையும் தேடிப் படித்து அவரைத் தடைசெய்த சங்கம், இந்த முணுமுணுப்புக்கு ஒரு விசாரணைக் குழுவையும் அமைக்கவில்லை. அதற்கு அதனிடம் ஒரு விதியே இல்லை. கூட்டம் சேர்க்கும் நாயகனை, அவன் எழுதும் மையின் அளவுக்குக் கண்காணித்தார்கள். அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்பை எவரும் கண்காணிக்கவில்லை. தலைமடையில் பதிவேடு துல்லியமாக இருந்தது. கடைமடையில் வயல் காய்ந்தது.

வழக்குக்குப் பின்னர் நடந்ததும் கவனத்துக்குரியது. விளையாட்டு உலகம் தன்னை ஆராய்ந்து பார்க்கவில்லை. அவரை மட்டும் அழித்தெழுதியது. டென்னிஸ் மன்றங்கள் கதவை மூடின. பழைய நண்பர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டனர். நடிகர் சார்லி சாப்ளின் போன்ற சிலரே தம் வீட்டுத் தளத்தில் பயிற்சி தர அவருக்கு இடமளித்தனர். முன்பு மௌனமாக இருந்து தப்பிய அதே நிறுவனங்கள், இப்போது விலக்கிவைத்துத் தப்பின. இரண்டு முறையும் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

வியப்பு என்னவென்றால், இரண்டாம் சிறைவாசம் முடிந்த சில காலத்திலேயே, 1950இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில் அரை நூற்றாண்டின் தலைசிறந்த டென்னிஸ் வீரராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சிறிய குடியிருப்பில், கையில் காசின்றி, தனியராக டில்டன் இறந்துகிடந்தார். கிளீவ்லாந்தில் நடக்கவிருந்த தொழில்முறைப் போட்டிக்குச் செல்லப் பெட்டி கட்டி வைத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 60. 1959இல் டென்னிஸ் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அவர் எந்த விதிக்காகத் தண்டிக்கப்பட்டாரோ, அந்த விதி அவருக்குப் பின் 15 ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1968இல் பெரும்போட்டிகள் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாடின்றி அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. அதற்கு முன், 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற நம் ராமநாதன் கிருஷ்ணன், தொழில்முறைக்கு வருமாறு வந்த அழைப்பை ஏற்காமல் நாட்டுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடுவதைத் தேர்ந்தெடுத்தவர். அந்த ஒரு கதவில் நுழைந்தால் மறு கதவு மூடிவிடும் என்ற நிலை அவருக்கும் இருந்தது. இன்று அப்படியொரு விதி இருந்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். புனிதம் எனப் போற்றப்பட்டது நாற்பது ஆண்டுகளில் காணாமல் போயிற்று. எழுதப்படாமலே விடப்பட்ட விதியோ, அதாவது பயிற்சிக்கு வரும் குழந்தையைக் காக்கும் விதி, இன்றைக்கும் பல இடங்களில் எழுதப்படாமலே இருக்கிறது.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும், ஆண் பெண் வேறுபாடின்றி, காக்கிறது. குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில், அதன் மீது அதிகாரம் செலுத்தும் நிலையில் இருப்பவர் தவறிழைத்தால் அதைக் கடும் குற்றமாகக் கொள்கிறது. அதைவிட முதன்மையானது, குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது கடமை என்கிறது. தெரிந்தும் சொல்லாத நிறுவனத் தலைவருக்கே சிறைத்தண்டனை உண்டு. டில்டனின் காலத்தில் முணுமுணுத்துவிட்டுக் கடந்து சென்றார்களே, அந்த மௌனத்தையே இச்சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் இச்சட்டத்தின்கீழ் கைதானபோது நாம் அதிர்ந்தோம். ஆனால் அதிர்ச்சி சில வாரங்களில் வடிந்துவிட்டது.

எங்கள் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இன்று விடியற்காலையில் மட்டையைத் தோளில் மாட்டிய பிள்ளைகளைச் சாலையில் காண்கிறேன். அப்பன் உழவன் மகளும், ஆசிரியர் மகனும், கடைக்காரர் பேரனும் ஒரே களத்தில் ஓடுகிறார்கள். இது பெருமைக்குரிய மாற்றம். நான் பள்ளியில் படித்த நாட்களில் டென்னிஸ் என்பது அதிகாரிகள் மன்றத்தின் மதிலுக்கு அப்பால் கேட்கும் பந்தின் ஓசை மட்டுமே. அந்த மதில் இடிந்தது நல்லது. ஆனால் பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எவை? கட்டணம் எவ்வளவு, பயிற்சியாளர் எத்தனை பட்டம் வென்றவர், மாநில அணிக்கு எப்போது போகலாம். பயிற்சியாளரின் பின்னணியை யார் சரிபார்த்தது, பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போனால் உடன் தங்குவது யார், ஏதேனும் நேர்ந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்பவர் குறைவு. கேட்டால் ஆசிரியரை அவமதிப்பதாக நினைக்கிறோம். குருபக்தி நம் மண்ணின் செல்வம்தான். ஆனால் அது கேள்வி கேட்பதைத் தடுக்கும் மதகாக மாறிவிடக் கூடாது. நேர்மையான பயிற்சியாளர் இந்தக் கேள்விகளால் காயப்பட மாட்டார். அவை அவரையும் வீண்பழியிலிருந்து காப்பவை.

விளையாட்டுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சீருடையின் நிறம், தாமத வருகை, நடுவரை எதிர்த்துப் பேசுதல் ஆகியவற்றுக்கு உங்களிடம் பக்கம் பக்கமாக விதிகள் இருக்கின்றன. அவற்றோடு குழந்தைப் பாதுகாப்புக்கென ஓர் எழுதப்பட்ட நடைமுறையையும், சங்கத்தின் பிடிக்குள் வராத ஒருவரிடம் புகார் செய்யும் வழியையும் சேருங்கள். அதைத் தமிழில் எழுதிக் களத்தின் வாயிலில் ஒட்டுங்கள். பந்து பொறுக்கும் சிறுவனும் படிக்கும்படி அது இருக்கட்டும்.

டில்டனின் ஆட்டத்தை மறுக்க வேண்டியதில்லை. அவரது நூல்களை எரிக்கவும் வேண்டியதில்லை. ஒரு மனிதரின் மேதைமையையும் அவர் இழைத்த தீங்கையும் ஒரே ஏட்டில், ஒன்றை மற்றொன்றால் அழிக்காமல் எழுதிவைப்பதே வரலாற்றின் கடமை. அந்த ஏட்டில், கட்டுரை எழுதியதற்காக நீண்ட தடையையும், சிறுவர்களைப் பற்றிய முணுமுணுப்புக்கு நீண்ட மௌனத்தையும் தந்த ஒரு நிர்வாகத்தின் பெயரும் இடம்பெற வேண்டும்.

ஜோகோவிச் தட்டிய பந்து ஒரு கோட்டு நடுவர் மேல் பட்டதால் உலகின் முதல்நிலை வீரர் வெளியேற நேர்ந்தது. களத்தின் ஓரத்தில் பெயர் தெரியாமல் நிற்பவரையும் விதி காத்தது. அன்று அது கடைமடையைத் தொட்டது. பெரும்போட்டி அரங்கில், படக்கருவிகளின் முன்னே, அது எளிது. எவரும் பார்க்காத பயிற்சித் தளத்தில், விளக்கு அணைந்த பின், பந்துகளைக் கூடையில் சேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை வரைக்கும் அதே விதி போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கே சேரும் வரை, நம் விதிப்புத்தகங்கள் தலைமடைப் பதிவேடுகள் மட்டுமே.